சேதுநாட்டுப் படைமானியம்
இராமநாதபுரம் சேதுபதிகள் படைவீரருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக நிலம் விட்ட முறை. மறவர் குடியினர் நிலத்தை உழுது அனுபவித்தனர்; அழைப்பு வந்ததும் வேலும் வளரியும் ஏந்தித் தம் தலைவர் பின்னால் திரண்டனர். இங்கே பணிக்கு ஈடு நிலம். பதவிக்கு விலை கிடையாது.

பிரிட்டிஷ் அரசப் படையில் நிலைமை நேர்மாறு. 1821இல் காலாட்படையின் கடைநிலை அதிகாரிப் பதவிக்கு 450 பவுன், லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுன் என அரசே விலை நிர்ணயித்திருந்தது. மறைவாகக் கைமாறிய தொகை இதற்கும் மேல். பணமில்லாத திறமைசாலி, பணம் கொடுத்து உயர்ந்த இளையவருக்குக் கீழே பணியாற்ற நேர்ந்தது பெரும் அநீதி.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பதவி விற்பனை இருக்கவில்லை. இயக்குநர் சிபாரிசில் நுழைந்து, பணிமூப்பில் உயர வேண்டியிருந்தது. ஆயினும் மூத்தவர் ஓய்வு பெற இளையவர்கள் கூட்டாகப் பணம் திரட்டிக் கொடுக்கும் வழக்கம் அங்கும் பரவியது.

சேதுநாட்டுப் படைமானியமும் நிலைக்கவில்லை. 1772இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனியின் ஜெனரல் ஜோசப் ஸ்மித் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவி நீக்கியது. 1803இல் சேதுநாடு அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாரின் ஜமீனாயிற்று. படைப்பணிக்கு இருந்த இடம் வரிக்குப் போயிற்று. பிரிட்டிஷ் அரசப் படையிலோ பதவி விற்பனை 1871இல்தான் ஒழிக்கப்பட்டது.