கால்வாய்க் கரையும் கிராமத் திருச்சபையும்

பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களை அடைகிறோம். அங்கே பக்கிங்ஹாம் கால்வாய் முடிவடைகிறது. முற்காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன் வழியே சென்னைக்குச் சென்றன. அக்கால்வாயை வடக்கு நோக்கித் தொடர்வோமாயின் ஆந்திரக் கரையில் ஓங்கோல் வட்டாரத்தை எட்டுவோம். அதனை அங்கு வெட்டிய எளிய மக்களின் வாழ்வு, ஒரு பாப்டிஸ்டு திருச்சபையின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. “சோற்றுக்காகக் கிறிஸ்தவரானோர்” என்னும் பழிச்சொல்லை ஆராய அவ்வரலாறு நமக்கு உதவும்.

ஓங்கோல் சபை 1867 ஜனவரி 1ஆம் நாள் எட்டு உறுப்பினருடன் அமைந்தது. அமெரிக்க அருட்பணியாளர் ஜான் க்ளவ் அதனை நடத்தினார். எனினும் சிற்றூர்களில் அதற்கு வழி திறந்தவர் எர்ரகுண்டல பேரய்யா என்னும் தோல் வணிகர். 1866இல் மனைவியோடு ஞானஸ்நானம் பெற்ற அவர், வணிகத்துக்குச் சென்ற ஊர்களிலெல்லாம் தம் இனத்தாரான மாதிகரிடம் நற்செய்தியை அறிவித்தார். ஊர்ப்புறத்துச் சேரிகளில் சிறு சபைகள் தோன்றின.

விசுவாசிகள் மூன்று ஒழுங்குகளை ஏற்றனர்: ஓய்வுநாளில் வேலை செய்யலாகாது, செத்த விலங்கின் இறைச்சியை உண்ணலாகாது, விக்கிரகங்களை வணங்கலாகாது. இவை எளியவையாகத் தோன்றலாம். ஆனால் குடியானவருக்குத் தோல்வேலை செய்வதும், ஊர்த் திருவிழாவில் பறையடிப்பதும் மாதிகரின் கடமைகளாயிருந்தன. அக்கட்டை மீறியோர் கிணற்றையும் கூலியையும் இழக்க நேர்ந்தது.

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில், கால்வாயின் மூன்றரை மைல் பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தைக் க்ளவ் ஏற்றார். உபதேசியார்கள் மேற்பார்வையாளராயினர், ஓய்வு வேளைகளில் நற்செய்தி கூறினர். பலர் ஞானஸ்நானம் வேண்டினர். க்ளவ் இசையவில்லை, நிவாரணப் பணி முடியட்டும் என்றார். அது முடிந்த பின், 1878 ஜூலை 3ஆம் நாள் வேலும்பில்லியில், குண்டலகம்மா ஆற்றில், 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆற்றில் இறங்கி அதனைக் கொடுத்தவர்கள் ஆறு இந்திய ஊழியர்களே. இருவர் இருவராக முறைவைத்து நின்றனர்.

அவ்வெண்ணிக்கையைப் போற்றுவோரும் ஐயுறுவோரும் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். பஞ்சத்திற்கு முன்பே அச்சிறு சபையார் விசுவாசத்தினிமித்தம் சோற்றை இழந்திருந்தனர். அவர்களைக் கண்டே மற்றவர்கள் வந்தனர். பசித்தோருக்கு வேலையும் உணவும் அளித்தவரை அவர்கள் நம்பியதில் குற்றம் யாது? நம் கிராமச் சபைகளின் வரலாற்றை எழுதும்போது, சேர்ந்தோரின் தொகையோடு நின்றுவிடாமல், அவர்கள் இழந்தவற்றையும் பதிவு செய்வோமாக.