ஆமோஸ் நூல்: காலமும் கவிதையும்

எபிரேய மறைநூலில் பன்னிரு தீர்க்கதரிசிகளின் தொகுப்பில் மூன்றாவதாக அமைந்தது ஆமோஸ் நூல். 9 அதிகாரங்களே கொண்ட இச்சிறு நூல், தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் நூல்களுள் காலத்தால் மிக முற்பட்டது என்பர்.

வடக்கே இஸ்ரவேலை இரண்டாம் யெரொபெயாமும், தெற்கே யூதாவை உசியாவும் ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. அசீரியரின் தாக்குதலால் தமஸ்கு நலிந்திருந்தது. அசீரியாவும் சில பத்தாண்டுகள் தளர்ந்து கிடந்தது. அவ்விடைவெளியில் இஸ்ரவேல் செழித்தது. தலைநகர் சமாரியாவில் 1910இல் கிடைத்த, மையால் எழுதப்பட்ட ஓட்டுச்சில்லுகள் மதுவும் எண்ணெயும் நகருக்கு வந்த கணக்கைச் சொல்கின்றன. நூல் பழிக்கும் தந்தக் கட்டில்கள் வெறுங்கற்பனை அல்ல என்பதை 1930களில் அங்கு அகழ்ந்தெடுத்த தந்த வேலைப்பாடுகள் காட்டின.

இச்செழிப்பைக் கண்டு வெகுண்டவர் தெற்கத்தியர். யூதாவின் தெக்கோவா ஊரினர். மந்தை மேய்த்தவர், காட்டத்திக் காய்களைக் கீறிப் பழுக்கவைக்கும் தொழிலும் உடையவர். காட்டத்தி தெக்கோவாவின் உயரத்தில் வளராது. தாழ்நிலங்களுக்குச் சென்றே அதனைச் செய்திருக்க வேண்டும். கடனுக்காக ஏழையை விற்றதையும், ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத்தராசை எப்போது எடுக்கலாம் என்று காத்திருந்த வணிகரையும் அவர் சாடினார். நீதியற்றவரின் பலியையும் பாடலையும் இறைவன் வெறுக்கிறான் என்பதே நூலின் நடுநாடி.

பாவலர் கருதத்தக்கது அதன் சொல்லும் முறை. தமஸ்கு, காசா, தீரு என அயலார் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கும்போது கேட்போர் மகிழ்ந்திருப்பர். ஏழாவதாக யூதா; எட்டாவதாக, கேட்டுக்கொண்டிருக்கும் இஸ்ரவேலே! வளையம் சுருங்கிக் கழுத்தில் விழுகிறது. பிறிதோரிடத்தில், வாழும் நாட்டைச் செத்ததாகக் கொண்டு ஒப்பாரி ஒலிக்கிறது. கோடைப்பழக் கூடையைக் காணும் காட்சியோ சிலேடை: எபிரேயத்தில் கோடைப்பழம் 'கயிட்ஸ்', முடிவு 'கேட்ஸ்'. பழம் முடிவாகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் இந்நயம் கைநழுவிப் போவது இழப்பே.

பெத்தேல் பூசாரி அமத்சியா, யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என அவரை விரட்டினான். தாம் தீர்க்கதரிசியும் அல்லர், தீர்க்கதரிசியின் மகனும் அல்லர் என்றார் ஆமோஸ். அவ்வெபிரேயத் தொடரில் வினையே இல்லை. தமிழின் பெயர்ப்பயனிலை போன்றது. ஆகவே 'அல்லேன்' என்றாரா, 'அல்லேனாக இருந்தேன்' என்றாரா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை.

கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. விழுந்த தாவீதின் கூடாரம் மீண்டும் எழும் என்னும் இறுதிப் பகுதி, தொனி மாறியிருப்பதால், பின்னோர் சேர்த்தது என்பர் பலர்.