தப்பும் தாலாட்டும் சேர்த்துவைத்த சமூகம்



'மனித இனத்தை வளர்த்ததில் இசையின் பங்கு என்ன?' இதுதான் இன்றைய கருத்துக்களத்தின் தலைப்பு. நான் பாடகி அல்ல. மைக்கைப் பிடித்து மற்றவர்களைப் பேச வைப்பதுதான் என் தொழில். ஆனாலும் என் பாட்டியை வைத்து இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா இறந்த அன்று உடலருகே அமர்ந்து ஒப்பாரி வைத்தார். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தது, எந்த நிரையில் வெட்டியது, யார் வீட்டுக்கு அரிசி கொடுத்தது என ஒரு மனிதரின் முழு வரலாறும் அதில் இருந்தது. அப்போது கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஈப்போவிலிருந்து வந்த தோழிகள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. "போதும் பாட்டி" என்றேன். அவரும் நிறுத்திவிட்டார்.

பேச்சுக்கு முன்பே பாட்டு?

2008-ஆம் ஆண்டு ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ஹோலே ஃபெல்ஸ் குகையில் ஒரு புல்லாங்குழல் கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பில் செய்தது. விரல் வைக்க ஐந்து துளைகள். வயது ஏறக்குறைய 35,000 முதல் 40,000 ஆண்டுகள். பயிர் செய்யவும் எழுதவும் அறியாத காலத்திலேயே மனிதன் எலும்பில் துளையிட்டு ஊதியிருக்கிறான். மனிதக் குரல் அதற்கும் மூத்தது. ஆனால், எலும்பைப் போலக் குரல் மண்ணில் தங்குவதில்லை.

சார்லஸ் டார்வின் 1871-இல் எழுதிய நூலில், நம் முன்னோர் தெளிவாகப் பேசக் கற்பதற்கு முன்பே இசையொலிகளால் ஒருவரையொருவர் கவர முயன்றிருக்கலாம் என்றார். எல்லாரும் இதை ஏற்கவில்லை. இசை காதுக்குக் கிடைத்த 'சீஸ்கேக்', அதாவது இன்பம் தரும் பண்டமே தவிர, உயிர் வாழத் தேவையானதல்ல என்று உளவியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் 1997-இல் எழுதினார்.

பாட்டியை அறிந்த என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மானிடவியலாளர் டீன் ஃபாக் சொல்லும் விளக்கம்தான் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும். மனிதக் குழந்தையால் அது முடியாது. உணவு தேடும் தாய் குழந்தையைக் கீழே இறக்கிவைத்தே ஆகவேண்டும். அப்போது கை எட்டாத இடத்துக்குக் குரல் எட்டியது. அந்த ஓசையிலிருந்தே பேச்சு வளர்ந்திருக்கலாம் என்கிறார் அவர்.

இன்னொருவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த ராபின் டன்பார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. கூட்டம் பெருகினால் எத்தனை பேருக்குத்தான் பேன் பார்ப்பது? சேர்ந்து பாடினால் ஒரே நேரத்தில் பலரும் நெருக்கமாகிவிடலாம் என்பது அவர் கருத்து.

பேராக் சொல்லும் சான்று

இதற்கான சான்றை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பேராக்கின் உட்பகுதிக் காடுகளில் வாழும் தெமியார் பூர்வகுடி மக்களிடம் பாட்டுதான் மருந்து. கனவில் ஆவித்துணை கற்றுக்கொடுத்த பாட்டை ஒருவர் பாடுவார். பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டியபடி அதைத் திருப்பிப் பாடுவார்கள். மரினா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் 1991-இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அங்கே நோயாளி தனியாக விடப்படுவதில்லை. ஊரே அவருக்காகப் பாடுகிறது.

நம் தேசிய கீதத்தையும் எண்ணிப் பாருங்கள். 'நெகாராகூ'வின் மெட்டு பேராக் மாநிலப் பண்ணுக்கு உரியது. 1957-இல் புதிய நாடு பிறந்தபோது, பல மொழி பேசியவர்கள் ஒரே மெட்டுக்கு எழுந்து நின்றார்கள்.

பால்மரக் காட்டின் பறை

தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால், 1877-இல் கோல கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து வளர்ந்த இந்தப் பால்மரக் காட்டுக்கு எது பறை?

தப்புதான். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு என்று வெவ்வேறு சீமையிலிருந்து வந்தவர்கள் ஒரே லயத்தில் அடைபட்டார்கள். அவர்களை ஒரே மாரியம்மன் திடலுக்கு அழைத்தது தப்பொலி. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த ஒலிக்கு ஆடிய நாம், அடித்தவரைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். இசை நம்மைச் சேர்த்தது. நாம்தான் முழுமையாகச் சேரவில்லை.

அடுத்தது தாலாட்டு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுப் போவாள். ஒரு ஆயா, வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகள், ஒரே தாலாட்டு. டீன் ஃபாக் ஆதிகாலத்தில் நடந்திருக்கும் என்று ஊகித்த காட்சியை நம் தோட்டங்கள் கண்ணெதிரே காட்டியிருக்கின்றன.

மூன்றாவது ஒப்பாரி. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களுக்குக் கல்லறை இல்லை. பலருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை. அவர்களை நினைவில் வைத்திருந்தது வீட்டுப் பெண்களின் அழுகைப் பாட்டுதான்.

மிஞ்சப் போவது எது?

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். தோல் வாத்தியம் மட்டும் கூடவே வந்தது. தைப்பூசத்தன்று குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் போகும் வழியில் நின்று பாருங்கள். உறுமி மேளத்தைத் தோளில் மாட்டியிருக்கும் இளைஞர்களில் பலர் பால்மரத்தைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அந்தத் தாளம் அவர்கள் கைக்குத் தெரியும்.

வாத்தியம் பிழைத்துக்கொண்டது. தாலாட்டும் ஒப்பாரியும் பிழைக்குமா? மேளத்துக்குக் குழு உண்டு, போட்டி உண்டு, ரசிகர்கள் உண்டு. பாட்டிமார்களின் பாட்டுக்கு அவர்கள் தொண்டையைத் தவிர வேறு இடமில்லை.

என் பாட்டி இப்போது இல்லை. எத்தனையோ பேருடைய குரலை ஒலிப்பதிவு செய்து ஒளிபரப்பிய என்னிடம் அவர் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. அன்று "போதும்" என்று சொன்னபோது நான் நிறுத்தியது அழுகையை மட்டுமல்ல, எங்கள் குடும்பத்தின் ஒரே சரித்திர நூலையும்தான் என்பது இன்று புரிகிறது.

ஆகவே அன்பர்களே, இசை மனிதனை வளர்த்ததா என்று அறிஞர்கள் தொடர்ந்து வாதிடட்டும். இந்த வார இறுதியில் நீங்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் தோட்டத்து மூத்தவர் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "எனக்கு என்ன பாடித் தூங்க வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவராக முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள்.