நிலைமாற்று மின்னழுத்தச் சீராக்கியின் வெளியீட்டு மின்தேக்கி

வெளியீட்டு மின்தேக்கி என்பது நிலைமாற்று மின்னழுத்தச் சீராக்கியின் (சுவிட்சிங் ரெகுலேட்டர்) வெளிமுனையில், சுமைக்கு இணையாக இணைக்கப்படும் மின்தேக்கி ஆகும். சீராக்கியின் திரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுவதால் மின்தூண்டியின் வழியே வரும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு, சுமைக்குச் சீரான மின்னழுத்தம் தருவதே இதன் பணி. இதைத் தேர்ந்தெடுக்கும்போது மின்தேக்குத்திறனை மட்டும் பார்ப்பது பரவலான தவறு. மின்பகு மின்தேக்கிகளில் பெரும்பாலும் விளைவைத் தீர்மானிப்பது அவற்றினுள் இயல்பாகவே அமைந்த தொடர் மின்தடை (ஈ.எஸ்.ஆர்.) ஆகும்.

எடுத்துக்காட்டு

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையம் வழியாகத் திருவரங்கம் செல்லும் பேருந்து ஒன்றில், 5 வோல்ட்டில் இயங்கும் கருவியைப் பொருத்துவதாகக் கொள்வோம். பேருந்துகளில் பொதுவாக 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. சீராக்கி எல்எம்2596 (150 கிலோஹெர்ட்சு), மின்தூண்டி 33 மைக்ரோஹென்றி எனில், மின்னோட்ட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.8 ஆம்பியர்.

மின்தேக்கி 220 மைக்ரோபாரட் எனில், மின்தேக்குத்திறனால் மட்டும் எழும் அலைவு 3 மில்லிவோல்ட்டே. ஆனால் தொடர் மின்தடை 0.1 ஓம் இருந்தால் அதனால் எழும் அலைவு 80 மில்லிவோல்ட். அதே தொடர் மின்தடையுள்ள 470 மைக்ரோபாரட் மின்தேக்கியை வாங்கிப் பொருத்தினாலும் பயன் அதிகமில்லை. இரண்டு மின்தேக்கிகளை இணையாக இணைத்தால் அலைவு பாதியாகும்.

மிகக் குறைந்த தொடர் மின்தடையும் சிக்கலே. எல்எம்2596 போன்ற பழைய சீராக்கிகளின் பின்னூட்டச் சுற்று, நிலைப்புக்கு இந்த மின்தடையை ஓரளவு நம்பியிருக்கிறது. பழுது பார்ப்பவர் மின்பகு மின்தேக்கியை எடுத்துவிட்டுப் பீங்கான் மின்தேக்கியை மட்டும் வைத்தால் சீராக்கி அலைவியாக மாறிவிடக்கூடும். மேலும், பீங்கான் மின்தேக்கிகளில் சில வகைகள் நேர் மின்னழுத்தத்தின் கீழ் தம் திறனில் பாதிக்கும் மேல் இழக்கும்.

வெப்பமும் ஆயுளும்

கடுங்குளிரில் மின்பகு மின்தேக்கியின் தொடர் மின்தடை பன்மடங்கு உயரும். திருச்சிக்கு அந்தக் கவலை இல்லை. கோடையில் நிழலிலேயே 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர் அது. மூடிய பெட்டிக்குள் வெப்பம் இன்னும் கூடும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் மின்பகு மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 105 பாகையில் 2000 மணி நேரம் எனக் குறிக்கப்பட்டது 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். 85 பாகையில் 8000 மணி நேரமே, அதாவது தொடர்ந்து இயங்கினால் ஓராண்டுக்கும் குறைவு. 85 பாகைக்கென்றே செய்யப்பட்ட மலிவான மின்தேக்கி இங்கு பொருந்தாது.

பழுதறிதல்

உள்ளிருக்கும் மின்பகு திரவம் உலர உலரத் தொடர் மின்தடை உயர்ந்து, அலைவு மிகுந்து, கருவி காரணமின்றி நின்று தொடங்கும். தலைப்பகுதி உப்பியிருந்தால் ஐயமில்லை. உப்பாமலும் கெட்டிருக்கலாம்: சாதாரணப் பன்மானி மின்தேக்குத்திறனைச் சரியாகவே காட்டும், தொடர் மின்தடையை அளக்கும் மானியே உண்மையைச் சொல்லும்.