அடுப்படியின் மணிக்கணக்கு

"எளிய சமையல்" என்ற தொடர் நமக்குப் புதியதன்று. வானொலியின் மாதர் நிகழ்ச்சிகளிலும், பத்திரிகைகளின் மங்கையர் பக்கங்களிலும், வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று எளிய சமையற் குறிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. நேயர்களே, இந்த 'எளிய' என்னும் அடைமொழி யாருடைய பக்கத்தில் நின்று இடப்பட்டது? உண்பவர் பக்கத்திலா, ஆக்குபவர் பக்கத்திலா? பிட்டும் சம்பலும் எளிய உணவு என்கிறோம். பத்து நிமிடத்தில் உண்டு கை கழுவுகிறோம். ஆனால் அந்தப் பிட்டுக்கு நெல் குற்றி, அரிசி ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து, தேங்காய் திருவி, குழைத்து, அவித்து எடுத்த கைகளுக்கு அது எளியதாக இருந்ததா?

ஒரு வீட்டின் அடுப்படி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பண்டங்களின் பட்டியலையே தருவர். என்னைக் கேட்டால் அதனை மணிக்கணக்காக எழுதவேண்டும் என்பேன். புதிதாக வந்த ஒரு பொருள் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தது? பின்னர் வந்த எந்த நிகழ்ச்சி அந்த நேரத்தைத் திரும்பவும் பறித்தது? இந்த இரு வினாக்களையும் கையிற் பிடித்துக்கொண்டு போனால், அரசர்களும் ஆளுநர்களும் நடத்திய வரலாறு நமது குசினிக்குள்ளேயே வந்து நிற்பதைக் காணலாம்.

முதலில் மொழியைக் கேட்போம். இடியப்பத்தை நாம் 'சமைப்பதில்லை', பிழிகிறோம். பிட்டை அவிக்கிறோம், றொட்டியைத் தட்டுகிறோம், தோசையை வார்க்கிறோம், கூழைக் காய்ச்சுகிறோம். போறணையில் வெந்து வரும் கேக்கைக்கூட நம்மூரார் 'கேக் அடித்தல்' என்றே சொல்வர். முட்டையையும் சீனியையும் மணிக்கணக்காக அடித்த தோள்வலி அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. நெருப்புச் செய்யும் வேலையைவிடக் கை செய்யும் வேலைக்கே நமது பேச்சு பெரும்பாலும் பெயரிட்டிருக்கிறது.

இலக்கியத்திலும் இந்தக் கை தெரிகிறது. குறுந்தொகையில் 167 ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமுடித்த பெண்ணொருத்தி கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிற் படிய, தானே நின்று புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகிறது. பார்த்து வந்த செவிலி இதனை நற்றாய்க்குச் சொல்கிறாள். இல்லறத்தின் இனிமைக்கு இப்பாடலை எடுத்துக்காட்டுவது வழக்கம். நான் வகுப்பிற் சொல்லும்போது அந்தத் துடைத்த ஆடையையும் புகை படிந்த கண்ணையும் சற்று நின்று பார்க்கச் சொல்வேன். ஆடை மாற்ற நேரமில்லாத ஒரு சமையல் அது.

உலக்கைக்கென்று ஒரு பாட்டு வகையே நம்மிடம் உண்டு. வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் காண்கிறோம். மணிவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் கைகளின் பாட்டே. நீண்டு களைப்புத் தரும் வேலைக்குத்தான் பாட்டுத் துணை வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையிலே கூவியர் என்போர் வருகின்றனர். அப்பம் சுட்டு விற்போர். ஆகவே பலகாரத்தைக் கடையில் வாங்குவது இக்காலப் பெண்களின் சோம்பல் என்று வருந்துவோர் கூவியரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி நமது தீவுக்கு வருவோம். கண்டி அரசிலே 1660 முதல் 1679 வரை கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கண்டவற்றை 1681 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நெற்குற்றுதல், விறகு கொண்டுவருதல், நீரெடுத்தல் என்பன பெண்களின் வேலையாக இருந்ததை அவர் குறித்திருக்கிறார். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடும் நிலை அது.

அக்காலத்திற்கு முன்னரே போர்த்துக்கேயர் வந்துவிட்டனர். 1505 இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்கள் ஆட்சி போனது, சொற்கள் தங்கிவிட்டன. குசினி, தாச்சி, போறணை, பாண், விசுக்கோத்து எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த மிளகாயும் அவர்களின் கப்பல் வழியாகவே நமக்கு வந்தது. மிளகுபோல் உறைப்பதால் மிளகுகாய் என்று கொண்டோம். இன்று மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துத் தூளை நினைத்துப் பார்க்கவே முடியாது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை ஒருநாள் முழுதும் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டால் பல வாரங்களுக்கு அம்மியில் அரைக்கும் வேலை குறையும். எங்கள் பாட்டிமார் கண்டுபிடித்த நேரச் சேமிப்பு இது.

ஆனால் போறணை மட்டும் சாதாரண வீட்டுக்குள் வரவில்லை. அது வெதுப்பகத்திலேயே நின்றுவிட்டது. பாண் எப்போதாவது வாங்கும் பண்டமாக, காய்ச்சற்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் பண்டமாக இருந்தது. அதனை அன்றாட உணவாக்கியது இரண்டாம் உலகப்போர். 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அதே ஆண்டில் அரிசிக்குப் பங்கீடு வந்தது; கூப்பன் வந்தது; அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. கோதுமை விளையாத நாடு கோதுமை உண்ணப் பழகியது இப்படித்தான்.

போர் முடிந்த பின்னும் பழக்கம் போகவில்லை. 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஓர் அடுப்படியின் கணக்கு அரசாங்கத்தையே அசைத்தது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா? 1956 இற்குப் பின் கல்வி அமைச்சராயிருந்த டபிள்யூ. தகநாயக்கா பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுத்து 'பணிஸ் மாமா' என்ற பெயரைப் பெற்றார். 1954 இல் நிறைவேறிய பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் உணவுதவியாகவும் மா வந்தது. அந்த மாவை நாம் 'அமெரிக்கன் மா' என்று அழைத்தோம். 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்பும், பழைய வீடுகளில் அந்தப் பெயர் நிலைத்தது.

வந்த மாவை நமது பெண்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பச்சைக் கோதுமை மாவிற் கொதிநீர் விட்டால் பசைபோல ஒட்டும். பிட்டும் வராது, இடியப்பமும் வராது. ஆகவே அதனைத் துணியில் முடிந்து நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்து வைத்துக்கொண்டனர். அவித்த மாவுடன் வறுத்த அரிசி மாவையும் கலந்தால் பிட்டு உதிர்ந்து வரும். எந்தச் சமையல் நூலும் கற்பிக்காத அறிவு இது. இதனால் அரிசி இடிக்கும் நேரம் பெரிதும் குறைந்தது. ஊருக்கு ஊர் அரைக்கும் ஆலைகள் வந்தபோது மேலும் குறைந்தது. ஆசிரியைகளாகவும் எழுதுநர்களாகவும் தாதிமாராகவும் பெண்கள் காலையில் வெளியேறக்கூடியதாயிருந்ததற்குப் பள்ளிக்கூடங்கள் மட்டும் காரணமல்ல. ஆலையும் பாணும் அவித்த மாவும் காரணங்களே.

மீட்ட நேரம் நிலைக்கவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. நாட்டிலே இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வடக்கின் வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் அக்கட்டுப்பாட்டால் தலைநிமிர்ந்தனர் என்பது உண்மை. அதே காலத்தில் ஓர் இறாத்தல் பாணுக்காக விடியுமுன்னே கடை வாசலில் வரிசை நின்றது. உலக்கையில் மிஞ்சிய நேரம் வரிசையிற் செலவாயிற்று.

அடுத்த பறிப்பை நானே கண்டேன். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகியது; மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி ஜாம் போத்தலில் விளக்கெரித்தோம். எண்ணெய் கிடைத்த நாளில்தான் ஆலை ஓடும். முருங்கை மரத்தடியிற் கவிழ்ந்து கிடந்த எங்கள் உரல் நிமிர்த்தப்பட்டது. அம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பகலிற் கரும்பலகையில் எழுதிய கை, மாலையில் உலக்கை பிடித்தது. அவரும் பெரியம்மாவும் மாறி மாறி இடிப்பார்கள். உள்ளங்கை கொப்புளித்துப் பின் காய்த்துப்போயிற்று. அவர் வள்ளைப்பாட்டுப் பாடியதாக எனக்கு நினைவில்லை. மறுநாட் பாடக்குறிப்பு எழுத விளக்கில் எண்ணெய் மிஞ்சுமா என்றே பேசிக்கொண்டார்கள்.

தங்கையின் பிறந்தநாளுக்கு அக்காலத்திலும் ஒரு கேக் அடித்தோம். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மாக்கலவை ஊற்றிய தகரத்தை வைத்து மூடி, கீழே விறகும் மூடியின் மேல் சிரட்டைத் தணலுமாக வேகவைத்தார் அம்மா. ஒரு பக்கம் சற்றுக் கருகியிருந்தது. வீட்டில் ஒருவரும் ஒரு துண்டைத்தானும் மிச்சம் வைக்கவில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, அரிசியும் பானையும் கைகளில் வந்தன. உரலையும் அம்மியையும் யார் தூக்குவது? நாங்கள் தங்கிய வீட்டில் நான்கு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு. அங்கேதான் முதன்முதலாகப் பெரியப்பா திருவலையில் இருந்து தேங்காய் திருவியதைப் பார்த்தேன். மாமா விறகு கொத்தினார், அப்பா கஞ்சி துழாவினார். நெருக்கடி வந்தபோது ஆண்களின் கைக்கும் அந்த வேலை வந்தது. வீடு திரும்பியதும் அது பழையபடி அம்மாவின் கைக்கே போயிற்று.

2022 இலும் பாடம் திரும்பியது. அந்நியச் செலாவணி தீர்ந்து சமையல் எரிவாயு கிடைக்காமற் போனது. வெற்றுச் சிலிண்டர்கள் தெருவோரத்தில் வரிசையாக நின்றன. மாவின் விலையும் பாணின் விலையும் ஏறின. முற்றமுள்ள வீட்டார் மூன்று கல் வைத்து விறகு மூட்டினர். அடுக்குமாடியில் வாழ்ந்தவர்க்குப் புகை போக்க இடமிருக்கவில்லை. பாடசாலைக்குக் காலை ஏழரை மணிக்குள் போகவேண்டிய நான் விறகடுப்போடு போராட மூன்றரை மணிக்கு எழுந்தேன். மின்சாரம் உள்ள நேரத்தில் ஒரு நிமிடத்திற் சம்பல் அரைக்கும் இயந்திரம், அது தடைப்பட்ட நேரத்தில் வெறும் பாத்திரம்.

அண்மையில் ஒன்பதாந் தர மாணவரிடம் 'பிட்டு அவிக்கும் முறை' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லோருமே "குழைத்த மாவை நீத்துப்பெட்டியில் இட்டு" என்று தொடங்கினார்கள். மா எங்கிருந்து வந்தது, யார் குழைத்தார், தேங்காயை யார் திருவினார் என்பது கட்டுரைக்கு வெளியே நின்றுவிட்டது. ஒரே ஒரு பிள்ளை மாவை அவித்து அரித்து வைப்பதிலிருந்து தொடங்கி, கடைசியில் நீத்துப்பெட்டியைக் கழுவிக் காயவைப்பதுவரை எழுதியிருந்தான். அவனுடைய தாயார் தாதி. இரவுக் கடமை நாட்களில் தந்தையும் அவனும்தான் சமைப்பார்களாம். அந்தக் கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தேன். சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக் கேட்டார்கள்.

நேயர்களே, பண்டத்தின் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் சமையல் எளிதாகிவிடாது. இயந்திரத்தை நம்பினால் அது மின்சாரத்தோடு போய்விடும். மாவை நம்பினால் கப்பலோடு போய்விடும். எந்தத் தடையும் பறிக்க முடியாதது, வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் கற்ற வேலை ஒன்றுதான். உங்கள் வீட்டில் கூப்பன் காலத்தையும் பாண் வரிசையையும் அறிந்த முதியவர்கள் இருப்பின், அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவை எந்த ஆவணக் களஞ்சியத்திலும் கிடையா. கேட்கப் போகும்போது ஒரு பாதித் தேங்காயையும் திருவலையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கதை முடியுமுன் ஒரு வேலையாவது முடிந்திருக்கும்.