பேத்தி படம்: 46 ரூபாய்

போன வாரம் வீடியோ காலில் அம்மா, நல்லேப்பிள்ளி வீட்டுப் பரணிலிருந்து எடுத்த அப்பாவின் பழைய கணக்கு நோட்டைக் காட்டினாள். 2002-ல் ஒரு வரி: "பேத்தி படம், 46 ரூ."

என் மகள் பிறந்த போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தேன். அப்பா பஸ் ஏறி சித்தூர் போய், பிரவுசிங் சென்டரில் காத்திருந்தார். நெற்றிவரை இறங்கியதும் கரண்ட் போய்விட்டதாம் :) மறுநாள் மறுபடியும் போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்துக்கு இணையம் கொண்டுவர எவ்வளவு ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே பல பேர் விடை தேடினார்கள்.

1990-களில் இந்தியாவில் ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்கச் சுமார் 40,000 ரூபாய் ஆனது. அதில் பெரும்பங்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை வரும் கம்பிக்கே போனது. அதை 10,000 ரூபாய்க்குக் குறைக்க வேண்டும் என்று கிளம்பினார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவர் குழுவின் 'கார்டெக்ட்' கம்பிக்குப் பதில் ரேடியோ அலையைப் பிடித்தது. வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். 2000-களின் தொடக்கத்தில் இதை வைத்து மதுரை மாவட்டம் மேலூர் பக்கக் கிராமங்களில் இணையக் கியோஸ்க்குகள் வந்தன. கம்ப்யூட்டர், ஆண்டெனா, பேட்டரி எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய். மாதம் 3,000 ரூபாய் வந்தால் கட்டுப்படியாகும் என்று போட்ட கணக்கு பல இடங்களில் பலிக்கவில்லை. கியோஸ்க்குகள் மூடப்பட்டன.

அதே மதுரைக்கு மேற்கே தேனியில் கதை வேறு. வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை கருவிகள் மலிவு. அவற்றையே கோபுரத்தில் ஏற்றி, பல கிலோமீட்டர் தூரம் பேச வைத்தது பெர்க்லி பல்கலைக்கழகக் குழு. 2005 வாக்கில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்கள் அப்படி இணைந்தன. மோசமான மின்சாரம் கருவிகளைப் படுத்தியது. ஆனாலும் இது நிலைத்தது. காரணம், என் பார்வையில், பஸ் சார்ஜ். டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலியும் போகும். திரையிலேயே பார்த்தால் இரண்டும் மிச்சம். கியோஸ்க் கணக்குகளில் இந்தப் பத்தி கண்ணில் படுவதே இல்லை.

கேரளாவில் 2002-ல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள், அரசு வேலைகள் கையில் இருந்ததால் தாக்குப்பிடித்தன. 2023 ஜூனில் வந்த கே-ஃபோன் கண்ணாடி இழையில் அப்போது ஆரம்பக் கட்டணம் மாதம் 299 ரூபாயாக இருந்தது, வரி தனி. அம்மாவுக்கோ மொபைல் டேட்டாவே போதும்.

நோட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டச் சொன்னேன். 46-க்குக் கீழே அப்பா பிரித்து எழுதியிருந்தார்: சென்டர் 30, பஸ் 16.