நேரலையை நிறுத்திய விதி

2008 நவம்பர் 28, காலை. மும்பை நாரிமன் ஹவுஸுக்கு மேலே ஹெலிகாப்டர் வந்து நின்றது. தேசியப் பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் கயிற்றைப் பிடித்து மொட்டை மாடியில் இறங்கினார்கள். நாடு முழுவதும் அதை நேரலையில் பார்த்தது. உள்ளே இருந்த பயங்கரவாதிகள் பிணையாட்களைப் பிடித்திருந்தார்கள்.

மும்பையின் பல இடங்களில் பயங்கரவாதிகள் நடத்திய அந்தத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். பத்துப் பயங்கரவாதிகளில் பலரைப் பாகிஸ்தானிலிருந்து சிலர் தொலைபேசி வழியே இயக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுகள் பதிவாகியிருந்தன. நம் சேனல்களைப் பார்த்துக்கொண்டேதான் அவர்கள் உத்தரவிட்டார்கள் என்பது அதில் வெளிப்பட்டது. பயங்கரவாதிகளில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆளான கசாபின் வழக்குத் தீர்ப்பில், 2012 ஆகஸ்ட் 29 அன்று, உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டிச் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. நேரலையால் வீரர்களுக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டதா என்று கண்டறிய முடியாது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்களின் வேலை மிகவும் கடினமாகவும் ஆபத்தாகவும் ஆனது என்றது. சேனல்கள் தேடியது நாட்டு நலனை அல்ல, வணிக லாபத்தை என்றும் சொன்னது.

இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே, பயங்கரவாதிகள் இஸ்ரேல் விளையாட்டு வீரர்களைப் பிணைபிடித்திருந்த கட்டடத்தின் கூரையில் போலீஸார் ஏறியதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. பயங்கரவாதிகளும் அதைப் பார்க்க முடிந்ததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. முப்பத்தாறு ஆண்டு முந்தைய பாடம் அது.

கடைசியில் 2015 மார்ச்சில் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6(1)(பி) என்ற உட்பிரிவு சேர்ந்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது. அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே செய்தியாகத் தரலாம்.

வீரர்களின் உயிரைக் காக்க இந்த விதி தேவை. ஆனாலும் அதிகாரி ஒருவரின் வாய்மொழியே முழுச் செய்தியாகிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. கேமரா யாரைக் காட்டும், யாரை விடும் என்பதிலும் விதி தலையிடவில்லை. 2008 தாக்குதலில் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் ரயிலுக்குக் காத்திருந்த சாதாரண மக்கள். ஆனால் மூன்று நாளும் திரையை நிறைத்தது தாஜ் ஹோட்டல்தான். அந்தத் தாக்குதல் என்றதும் இன்றும் பலர் மனதில் எழுவது புகை சூழ்ந்த அதன் குவிமாடமே.

2025 ஏப்ரலில் பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு ஒன்றிய அரசு இதே விதியைச் சொல்லி எல்லாச் சேனல்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது. சமூக ஊடகப் பயனர்களையும் பொறுப்போடு நடக்கும்படி கேட்டுக்கொண்டது. ஆனால் கைபேசியிலிருந்து நேரலை செய்பவரை இந்தக் கேபிள் விதி கட்டுப்படுத்தாது.